முதுநகரில் ஏறும் ஆள்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாப்பாவுக்குச் சளி பிடித்திருந்தது. என் கைக்குட்டை ஒன்றை அவள் சட்டையில் ஊக்கால் குத்திவிட்டு, அதில் நீலகிரித் தைலம் சொட்டு விட்டார் என் மாமியார். குழந்தைக்கு மூச்சு லேசாகட்டும் என்றுதான். தைலம் துணியில் இறங்கியதும் வீடு முழுக்க அந்த வாசனை. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, காரைக்காடு தாண்டிவிட்டோமா என்று பார்த்தேன். வெளியே பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

உனக்கு எழுத உட்கார இவ்வளவு காலமாகிவிட்டது. எழுதினால் நீ இல்லை என்பதை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்ற பயமாக இருக்கலாம். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. நாளை திங்கட்கிழமை நான் மறுபடி சிதம்பரத்துக்கு, கல்லூரிக்குப் போக வேண்டும். நாம் இரண்டு பேரும் சேர்ந்த அதே எம்.எஸ்சி. கணிதம்தான். பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், ஆனால் இந்த வருடம் வராவிட்டால் எழுதித் தேறிய பேப்பர்கள் எல்லாம் செல்லாமல் போய்விடும் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். அதாவது இப்போது இல்லாவிட்டால் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைவிடச் சின்னப் பெண்களுக்கு நடுவில் உட்கார வேண்டும் என்பதற்காக இல்லை. இந்தப் புதன்கிழமை வரைக்கும் பாப்பாவை விட்டுவிட்டு ஒரு பகல் முழுக்க நான் இருந்ததே கிடையாது. போன மாதம்தான் வேப்பெண்ணெய் தடவித் தாய்ப்பாலை மறக்கடித்தோம். வாயை வைத்துப் பார்த்துவிட்டு, யாரோ தெரியாத பொம்பளையைப் பார்ப்பது போல அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் போகவில்லை. அடுத்ததாக ஆளையே மறக்கடிக்கப் போகிறோமா என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

பஸ்ஸை நினைத்தால்தான் கொஞ்சம் தைரியம் வருகிறது. பஸ் என்றால் நீதானே.

நீ கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறுவாய். என் வீடு அப்போது முதுநகரில். பஸ் அங்கே வந்து சேருவதற்குள் உட்கார இடம் எதுவும் மிச்சம் இருக்காது. பி.எஸ்சி. சேர்ந்த முதல் வாரம், கம்பியில் தொங்கிக்கொண்டு நின்ற என்னிடம் முன்பின் தெரியாத நீ கையை நீட்டினாய். "பையக் குடு. கணக்கு டிபார்ட்மெண்ட்தானே? ஒன் பின்னாலதான் கிளாஸ்ல உக்காந்திருந்தேன்." என் பை உன் மடிக்குப் போனது. மறுநாளும் போனது. அதற்கு அடுத்த நாள் நான் ஏறியபோது உன் பக்கத்து இடத்தில் நீலக் கட்டம் போட்ட ஒரு கைக்குட்டை விரித்திருந்தது. அதைச் சுருட்டி எடுத்துவிட்டு, "உக்காரு. பை செம கனம், இனிமே நீயே வச்சிக்க" என்றாய்.

அந்த ஒரு கைக்குட்டையை வைத்துக்கொண்டு நீ எத்தனை பேரிடம் சண்டை போட்டிருப்பாய். எல்லாவற்றையும் நான் ஏறியதும் நடித்துக் காட்டுவாய்.

"ஏம்மா, கர்ச்சீப்பு டிக்கெட் எடுத்திருக்கா?"

"ஆள் வருதுக்கா. முதுநகர்ல ஏறும்."

"வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் நான் உக்காந்துக்கறேன்."

"உக்காந்தா எழுந்திருப்பீங்களா?"

"மாட்டேன்தான்" என்று அந்த அம்மாவே சிரித்துவிட்டாராம்.

கண்டக்டர் அண்ணன் மட்டும் உன்னை விடமாட்டார். ஒரு நாள் மழையில் பஸ் பிதுங்கி வழிந்தபோது, "ஆளக் காணோம், துணி மட்டும் உக்காந்துட்டு வருது. எறக்கி விட்டுடப் போறேன் பாரு" என்றாராம். நீ அசையவில்லையாம். "ஆளு வர்ற வரைக்கும் கர்ச்சீப்புதாண்ணே ஆளு." அன்றிலிருந்து நான் ஏறும்போதெல்லாம் அவர், "வாம்மா கர்ச்சீப்பு" என்றுதான் கூப்பிட்டார். என் பெயர் அவருக்குக் கடைசி வரைக்கும் தெரிந்திருக்காது.

முதுநகர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தொழிற்சாலைகள் தொடங்கிவிடும். ரசாயன வாடை குப்பென்று பஸ்ஸுக்குள் ஏறும். எல்லோரும் முந்தானையையும் துப்பட்டாவையும் மூக்குக்கு எடுப்பார்கள். நீ அதற்கென்றே அந்தக் கைக்குட்டையில் காலையிலேயே தைலம் விட்டு எடுத்து வருவாய். ஒரு முனை உனக்கு, ஒரு முனை எனக்கு. இரண்டு பேர் முகமும் ஒட்டிக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, காரைக்காடு வரைக்கும் பேச்சே இருக்காது. பேசாமல் இருப்பது உனக்கு எவ்வளவு கஷ்டம். மூக்கைப் பொத்திக்கொண்டே, "இன்னாடி சத்தமே காணோம், மூச்சு விடறியா, மேல போய்ட்டியா?" என்று கேட்பாய். மேலே போகிற பேச்சை நாம் அவ்வளவு சாதாரணமாகப் பேசியிருக்கிறோம்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் கணக்கிலேயே போகும். எனக்கு விளங்காத தேற்றத்தை நீ பென்சிலால் போட்டுக் காட்டுவாய். ரோட்டுப் பள்ளத்தில் எல்லாம் எழுத்து துள்ளும். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியதும் நோட்டை மூடிவிடுவாய். "போதும். ஆத்துல தண்ணி இருந்தா பாரு, இல்லன்னா தூங்கு."

எம்.எஸ்சி. சேர்ந்து முதல் செமஸ்டர் எழுதி முடித்த கையோடு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். படிப்பைக் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அந்த அப்புறம் எப்போது என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கல்யாணமாகி நான் வந்து சேர்ந்த வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், உன் தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில். நான் உன் ஸ்டாப்புக்கு வந்துவிட்டேன், ஆனால் பஸ்ஸில் இல்லை.

நீ போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னிக்கும் எடம் போட்டுட்டேன்டீ. முதுநகர் வந்ததுக்கு அப்புறம்தான் லூசு மாரி ஞாபகம் வருது. மீன் விக்கிற அம்மா ஒருத்தவுங்க உக்காந்தாங்க. கூடையத் தூக்கி என் கால்மாட்டுல வச்சிட்டாங்க. கிளாஸ்ல ஒருத்தியும் என் பக்கத்துல வரல." நாம் சிரித்தோம். போனை வைப்பதற்கு முன், "நீ வர்ற வரைக்கும் போட்டுட்டுதான் இருப்பேன் போலருக்கு. சீக்கிரம் வா. கர்ச்சீப்பு கிழிஞ்சிடும்" என்றாய்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு மஞ்சள் காமாலை என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் அப்போது வளைகாப்பு முடிந்து இந்த வீட்டில்தான் இருந்தேன். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக மழை விடட்டும் என்று காத்திருந்தோம். வயிற்றில் பிள்ளை வைத்திருப்பவள் சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அதட்டவில்லை. பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். சின்ன வயதுச் சாவு என்பதால் மேளம் இல்லை, வெடி இல்லை. கூப்பிடு தூரத்தில் இருந்தும், உன்னை எப்போது எடுத்துப் போனார்கள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வாசல் கதவுப் பக்கம் காதை வைத்தே உட்கார்ந்திருந்தேன். மழைதான் கேட்டது.

உன்னைக் கடைசியாகப் பார்க்காததாலோ என்னவோ, நீ ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய் என்றே இன்று வரை மனசு நம்பிக்கொண்டிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் புதன்கிழமை சர்டிபிகேட்டுகளைக் காட்டப் போக வேண்டியிருந்தது. காலையில் கிளம்பினால் சாயங்காலம் ஆகிவிடும். பாப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டே தூங்கிவிட்டாள். என் வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார்.

"சளி ஜாஸ்தியா இருக்கு. நாளைக்குப் போய்த்தான் ஆவணுமா?"

"வேற நாள் குடுக்க மாட்டாங்க மாமா."

"போவ வேணான்னு சொல்லல. புள்ள அழுமேன்னு பாக்கறேன்."

அத்தை தைலப் பாட்டிலை மூடிக்கொண்டே குறுக்கே வந்தார். "நீ பொறந்து அழாத அழுவையா? நாளைக்கு ஒரு நாளு போய்ட்டு வரட்டும்டா. என்கிட்ட இருக்குதான்னு பாப்போம். இருக்கலன்னா திங்கக்கெழமைய அப்புறம் யோசிக்கலாம்."

ஆக, புதன்கிழமை பரீட்சை பாப்பாவுக்குத்தான். அவள் அழுதால் என் படிப்பு போச்சு.

காலையில் அவளுக்குச் சட்டை மாற்றி, அந்தக் கைக்குட்டையைத் திரும்பவும் குத்தினேன். பாட்டில் கையிலேயே இருந்ததால் என் கைக்குட்டையிலும் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டேன். வாசலில் அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக எடுத்துவிட வேண்டியிருந்தது. தெருமுனை திரும்பும் வரைக்கும் அழுகை கேட்டது. திரும்பிப் பார்த்தால் போகமாட்டேன் என்று தெரிந்ததால் திரும்பவில்லை.

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வியர்த்த முகத்தைத் துடைத்துவிட்டுக் கையைக் கீழே இறக்கினேன். நான் நினைத்துச் செய்யவில்லை, நம்பு. கைக்குட்டை பக்கத்து இடத்தில் விரிந்து கிடந்தது. கூட்டம் ஏற ஏற, வயதான ஓர் அம்மா கூடையும் கையுமாக வந்து நின்றார்.

"இங்க ஆள் வருதா?"

"வருதுங்க" என்றேன். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. "முதுநகர்ல ஏறும்."

சொன்ன பிறகு எப்படி மாற்றுவது? அவர் கூடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தேன். முதுநகரில் பஸ் நின்றது. நான் அப்போதெல்லாம் நிற்கும் கடை வாசலில் பள்ளிக்கூடப் பையன்கள் நின்றார்கள். முன்வாசலில் ஏறியவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். நீ அங்கே ஏறுகிறவளே இல்லை, அங்கே ஏறுகிறவள் நான்தான். அது தெரிந்தும் பார்த்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

"இன்னாம்மா, ஒன் ஆளு வரலியா?" என்றார் அந்த அம்மா.

"வரலைங்க. உக்காருங்க."

கைக்குட்டையை எடுத்துக்கொண்டேன். அவர் உட்கார்ந்து, கூடையைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சிதம்பரம் எதுக்குப் போற? கோயிலுக்கா?"

"படிக்கச் சேரணும். அதுக்கு."

"யாரு, தங்கச்சியா?"

"நான்தாங்க. வீட்டுல கொழந்த இருக்கு."

"அதான் மூஞ்சி இப்பிடி இருக்கா" என்றார். "அழுவும். அப்புறம் சோறு துன்னும். எம் புள்ளைங்கள வயக்காட்டுக்கு நா தூக்கிட்டாப் போனேன்?"

அதற்குள் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. அந்த அம்மா முந்தானையைத் தேடித் தடுமாறினார், கூடையில் மாட்டிக்கொண்டிருந்தது. என் கைக்குட்டையின் ஒரு முனையை அவர் பக்கம் நீட்டினேன். யோசிக்காமல் வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டார். காரைக்காடு வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. எனக்குக் கண்ணில் வழிந்தது. தைலத்தால்தான் என்று அவர் நினைத்திருப்பார்.

வெள்ளாற்றில் கொஞ்சம் தண்ணீர் போகிறது. பார்த்தேன்.

வேலை முடிந்து திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தெருமுனையிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். சத்தம் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. உள்ளே பாப்பா தரையில் உட்கார்ந்து டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சட்டையில் ஊக்கு மட்டும் இருந்தது. கைக்குட்டை அவள் கையில்.

"நீ போனதும் ஒரு ஆட்டம் அழுதுச்சு" என்றார் அத்தை. "அப்புறம் அந்தக் கர்ச்சீப்பப் புடுங்கி மூஞ்சில மூடிக்கிச்சு. அப்பிடியே தூக்கம். எழுந்ததுலேர்ந்து கைய விட்டு எறக்கல. குளிப்பாட்டறதுக்குக்கூட வாங்க முடியல. பக்கத்து வூட்டுக்காரி வந்து, 'எங்கடீ உங்கம்மா, உட்டுட்டு ஓடிட்டாளா'ன்னு சீண்டுனா. இது கர்ச்சீப்பத் தூக்கிக் காட்டுது."

"என்ன சொன்னா?"

"இன்னா சொல்லும்? 'ம்மா வது, ம்மா வது'ன்னுது."

அம்மா வருது. டம்ளர்களை ஒதுக்கிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆள் வருகிற வரைக்கும் கைக்குட்டைதான் ஆள் என்று இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நீ போனபோது இவள் என் வயிற்றில் இருந்தாள். உன்னைப் பார்க்கப் போகக் கூடாதென்று சொன்னது இவளுக்காகத்தான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாமா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். புதன்கிழமைக்குப் பிறகு அவர் என் பழைய பைக்குப் புது ஜிப் வைத்துக் கொண்டுவந்தார். தேற்றங்கள் எனக்கு எல்லாம் மறந்துவிட்டன. வகுப்பில் தலை குனிந்து உட்காரத்தான் போகிறேன். பாப்பா நாளையும் வாசலில் அழுவாள். பயம் போகவில்லை. ஆனால் போகிறேன்.

இரண்டு கைக்குட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். காலையில் இரண்டிலும் தைலம் விட வேண்டும். ஒன்று பாப்பாவின் சட்டைக்கு. இன்னொன்று உன் இடத்துக்கு. இப்போது முதலில் ஏறுகிறவள் நான். முதுநகர் வரைக்கும் யார் வந்து கேட்டாலும் ஆள் வருது என்றுதான் சொல்லுவேன். அதற்கப்புறம், நிற்கிறவர்களில் யாராவது உட்கார்ந்துகொள்ளட்டும்.