நீ பறிக்காத கொழுந்து

அம்மா,

போன வியாழக்கிழமை டவுனில் உன்னைப் பார்த்தேன்.

அரிசியும் பருப்பும் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தேன். அங்கே புதிதாகக் கட்டிய சுவரில் ஒரு பெரிய பதாகை மாட்டியிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் நீ. இரண்டு மாடி உயரத்தில், சிவப்புச் சேலை கட்டி, தலையில் கயிறும் முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடையுமாக, வாயெல்லாம் சிரிப்பாக நிற்கிறாய். உன் முன்பல்லின் சின்ன உடைசல்கூட என் கையளவு பெரிதாகத் தெரிந்தது. பருப்புப் பை நழுவிக் கீழே விழுந்தது. உன்னைப் புதைத்துப் பத்து மாதம் ஆகிறது. மழையில் அந்த இடம் அமுங்கிப்போய், அப்பா போன கிழமைதான் மறுபடியும் மண் போட்டுவிட்டு வந்தார். நீ இங்கே சிரித்துக்கொண்டு நிற்கிறாய்.

உனக்கு ஒரு பக்கம் கண்டி நடனக்காரர் ஒருவர். மறுபக்கம் தொப்பி போட்ட முஸ்லிம் பெரியவர் ஒருவர். நகரம் எல்லோரையும் வரவேற்கிறது என்று கீழே மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. உன் கால் இருக்கும் இடத்தில் ஒருவர் சாய்ந்து நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவரைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே. மூன்று பஸ் வந்து போனது. நான் எதிலும் ஏறவில்லை.

அந்தப் படம் எந்த நாளில் எடுத்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. போன வருஷம் டவுனில் கலாசார ஊர்வலம் வைத்தார்களே, அன்றைக்கு. தமிழ் ஆட்களுக்கும் ஒரு லொறி ஒதுக்கியிருக்கிறார்கள், நாலு பெண்கள் வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை நம் லயத்து வீடுகளுக்கு வந்து சொன்னார். நீ உயரம் என்று எல்லோரும் முதலில் உன்னைத்தான் காட்டினார்கள். நீ இருபது வருஷமாக ரப்பர் பால் வெட்டியவள். நம் தோட்டத்தில் ஒரு தேயிலைச் செடிகூடக் கிடையாது. அதனால் உன் பால் வாளியையும் வெட்டுக்கத்தியையும் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று எடுத்துக்கொண்டு போனாய். நான் உன் மாற்றுச் சேலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன்.

டவுன் மைதானத்தில் ஊர்வலத்தை ஒழுங்கு செய்தவர் உன் வாளியைப் பார்த்துச் சிரித்தார். இதைப் பிடித்துக்கொண்டு நின்றால் நீங்கள் யார் என்று ஜனங்களுக்கு விளங்காது என்று சிங்களத்தில் சொல்லி, வாளியை வாங்கி லொறிக்கு அடியில் வைத்தார். பிறகு நாலு கூடையும் நாலு சிவப்புச் சேலையும் வந்தன. கூடையை நடுவில் வைத்துவிட்டு நாலு பேரும் சுற்றி நின்றீர்கள். கயிற்றை எங்கே மாட்டுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. காலண்டர் படத்தில் நெற்றியில்தான் மாட்டியிருந்தது என்று செல்வி அத்தை சொன்னாள்.

“காலண்டர்ல இருக்கிறவளுக்குக் கழுத்து வலிக்குமாடி? நீ உச்சியில போடு,” என்றாய் நீ.

லொறியில் தேயிலைத் தோட்டம் வேறு இருந்தது. டவுனில் தேயிலைச் செடிக்கு எங்கே போவார்கள்? தொட்டியில் இருந்த செவ்வரத்தைச் செடிகளைக் கொண்டுவந்து, பூவையெல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டு வரிசையாக வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து நீங்கள் சிரித்த சிரிப்பில் லொறி டிரைவரே இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

ஊர்வலம் முடிந்து நீ இறங்கியபோது, உனக்கு முன்னால் இருந்த செடியில் ஒரு இலைகூட இல்லை. வெறும் குச்சி. ஒழுங்கு செய்தவர் தலையில் கை வைத்தார். அன்று லயத்துக்கு வந்து அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினாய். “பறிக்கச் சொன்னாங்க, பறிச்சேன். செடி மொட்டையாப் போனா அதுக்கு நானா ஆளு?” ஒரு மாதத்துக்கு உன்னை லயத்தில் கொழுந்துக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அது உனக்கு டவுனில் ஒரு அதிசயமான நாள், அம்மா. மற்ற நாட்களில் டவுனில் நீ வேறு ஆள். பஸ் பாலத்தைத் தாண்டும்போதே பொட்டை எடுத்துக் கைப்பையின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுவாய். அதற்குப் பிறகு சிங்களம்தான். அதுவும் மெதுவாக. நான் மறந்து தமிழில் ஏதாவது கேட்டால் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்துவாய். கோபத்தில் இல்லை. “சும்மா இரு, வீட்ல போய்ப் பேசிக்கலாம்,” என்பாய். நீ மீன் வாங்கும் கடைக்காரருக்கு இத்தனை வருஷத்திலும் நீ தமிழ் என்று தெரியாது. டவுனில் இருக்க வேண்டிய விதம் அதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். நம் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு முடிந்தது. அதற்கு மேல் டவுனுக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். நான் போகவில்லை. ஏன் என்று நீ கேட்டபோது பஸ் சரியில்லை என்றேன். நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியாது என்று சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அந்த லொறியில் நீ அதே ரோட்டில் பெரிய பொட்டோடு, சத்தமாகத் தமிழில் பேசிக்கொண்டு போனாய். அவர்களே கேட்டுக்கொண்டதால் அன்றைக்கு மட்டும் அது சரியாக இருந்தது. அடுத்த வாரம் எனக்குச் செருப்பு வாங்க அதே ரோட்டுக்குப் போனபோது, பாலத்தடியில் பொட்டை எடுத்து ஒட்டிவிட்டாய்.

அப்புறம் எலிக் காய்ச்சல் வந்தது. நாலே நாள்.

உன் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கல்யாணப் படம் கூரை ஒழுகி ஊறிப்போயிருந்தது. அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கித்தான் கருமாதிக்கு வைத்தோம். அந்தச் சட்டத்துக்குள் இருப்பது யாரோ. மூக்கு மட்டும் உன்னுடையது. அப்பா அதைப் பார்ப்பதே இல்லை. விளக்குப் போடும்போதும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் போடுவார். நான் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததைச் சொன்னதும் அவர் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டார். “வருசத்துக்கு அந்தப் படத்தை வைப்போம். போய்க் கேட்போம்,” என்றார். ரெண்டு மாதத்தில் உன் வருஷத் திவசம் வருகிறது. அப்பா எதையும் போய்க் கேட்போம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை போனோம். ஊர்வலத்தை ஒழுங்கு செய்த அதே மனிதர்தான் அந்த ஆபீஸில் இருந்தார். பக்கத்து மேசையில் ஒரு மிஸ் கம்பியூட்டரில் வேலை செய்துகொண்டிருந்தாள். அப்பாவுக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் இருக்கிற படத்தில் நடுவில் நிற்பது எங்கள் அம்மா, இறந்துவிட்டார், அந்தப் படம் ஒன்று வேண்டும் என்று நான் சிங்களத்தில் சொன்னேன்.

அவர் கெட்டவர் இல்லை. என்னை உட்காரச் சொன்னார். மகளே என்றுதான் கூப்பிட்டார்.

“நீ மாறிச் சொல்ற, மகளே. அந்தப் பொம்பளைங்க நுவரெலியாத் தேயிலை மலையில இருந்து வந்தவங்க. இந்தப் பக்கத்துல அப்படி ஆளுங்க இல்லையே.”

அவருக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மலை. அதற்கு அந்தப் பக்கம்தான் நம் லயம். ஏழு மைல். அவருடைய மேசையில் இருந்து எழுந்து திரும்பிப் பார்த்தால் நீ பால் வெட்டிய மரங்கள் தெரியும். நான் தலையைக் குனிந்தேன். அவர் சொன்னதால் மட்டும் இல்லை, அம்மா. அதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் வாயில் இருந்துதான்.

ஊர்வலத்தன்று மணிக்கூட்டுக் கோபுரத்தடியில், சனத்தோடு சனமாக நான் நின்றேன். பக்கத்தில் என் வயதில் இரண்டு சிங்களப் பிள்ளைகள் ஐஸ் குடித்துக்கொண்டு நின்றார்கள். என் சிங்களத்தைக் கேட்டு என்னையும் அவர்களில் ஒருத்தி என்றுதான் நினைத்திருப்பார்கள். உன் லொறி வந்தது. இவர்கள் எங்கே இருந்து வருகிற ஆட்கள் என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். நுவரெலியா என்றேன். யோசிக்கவே இல்லை. அதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

அப்பா என் தோளைத் தொட்டார். “சொல்லு பிள்ள,” என்றார், தமிழில்.

ஏழு மைல்தான் என்று சொன்னேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அங்கே தேயிலை இல்லையே என்றார் அவர். ஆமாம், அம்மா ரப்பர் பால் வெட்டினவர் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, அப்படியென்றால் முதுகில் கூடை எப்படி வந்தது என்று கேட்டார்.

“கூடை நீங்க குடுத்தது, சேர். அம்மா கொண்டுவந்த வாளியை லொறிக்கு அடியில வச்சீங்க.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டது. சிரிப்பு நின்றது. வாளியை அவர் நினைவுபடுத்திக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் படங்களை எடு என்று மிஸ்ஸிடம் சொன்னார்.

பதாகைப் படம் முதலில் வந்தது. பிறகு அதற்கு அடுத்தது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக உடனுக்குடன் எடுத்தவை. முதல் படத்தில் நீ கமராவைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் யாரையோ பார்த்துத்தான் அப்படிச் சிரிக்கிறாய். வாய் திறந்திருக்கிறது. இரண்டாவது படத்தில் கையைத் தூக்கிக் கூப்பிடுகிறாய். அதன் ஓரத்தில் சனம் தெரிகிறது. ஐஸ் குடிக்கும் இரண்டு பிள்ளைகள். அவர்களுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி, கையில் சேலைப் பையோடு, உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நிற்கிறாள்.

மிஸ் அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். முகத்தில் பாதிதான் தெரிந்தது. அது போதும்.

“இது நீதானே?”

ஆமாம் என்றேன். அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்றாவதையும் திறந்தாள். அதில் நீ சிரிக்கவில்லை. கை கீழே வந்துவிட்டது. தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் அந்தச் செவ்வரத்தையைப் பறித்துக்கொண்டிருக்கிறாய். அதற்குப் பிறகு எடுத்த ஐந்தாறு படங்களிலும் அப்படியேதான். குனிந்த தலை. செடியில் இலை குறைந்துகொண்டே வருகிறது.

நீ பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, செடி மொட்டையான கதையைச் சொல்லி லயத்தையே சிரிக்கவைத்தாய். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். உன் மடியில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். நீ என் தலையைக் கோதிக்கொண்டே இன்னொரு தடவை சொன்னாய்.

அப்பா பின்னால்தான் நின்றார். எல்லாவற்றையும் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். எந்தப் படம் வேண்டும் என்று மிஸ் கேட்டாள். முதலாவதும் மூன்றாவதும் என்றேன். அந்த மனிதர் வாசல் வரைக்கும் வந்து, அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டார். எதற்கு என்று தெரியாது.

பஸ் ஸ்டாண்டில் அப்பா பதாகைக்கு நேரே போய் நின்று அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலிக்கும் வரைக்கும் பார்த்தார். வரிசையில் நின்ற ஒரு பெண், தெரிந்தவரா என்று சிங்களத்தில் கேட்டாள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

“அபே அம்மா,” எங்கள் அம்மா என்று சிங்களத்தில் சொன்னேன், அவளுக்கு விளங்கும்படி. பிறகு, இந்த மலைக்கு அந்தப் பக்கம், ரப்பர் வெட்டினவர் என்று சொன்னேன். வரிசையில் நாலைந்து பேர் மேலே பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் முகத்தைத் திருப்பாமல் அந்த இடத்திலேயே நின்றேன். அதைப் பார்க்க நீ இல்லை.

முதல் படத்தை அப்பா சட்டம் போட்டு மாட்டிவிட்டார். செல்வி அத்தை வந்து கூடையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மூன்றாவது படம் என் பையில் இருக்கிறது. அதில் உன் முகம் தெரியாது. குனிந்த தலையும் அந்தக் கைகளும் மட்டும்தான். இனி டவுனுக்குப் போகும்போதெல்லாம் அதை எடுத்துக்கொண்டுதான் போவேன்.