கடிதப் பெட்டியில் அப்பா பேர்

ஜனவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பா எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? துணிக்கடையில் நாள் முழுக்க நிற்காமல், கூட்டம் இல்லாத நேரத்திலாவது ஸ்டூலில் உட்காருங்கள். முதலாளி பார்த்தால் பார்க்கட்டும்.

வீடு மாறிவிட்டோம். புது முகவரி இந்தத் தாளின் மேலே இருக்கிறது. அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் உறையில் அப்படியே எழுதுங்கள். இங்கே தபால்காரர் அக்கம்பக்கத்தில் விசாரிக்க மாட்டார்.

பழைய போன் நம்பர் இனி கிடையாது. அதனால்தான் கடிதம். புது சிம் வாங்கப் போனேன். முகவரிச் சான்று கேட்டார்கள். அதற்காக நகராட்சி அலுவலகத்துக்குப் போனால் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. அவருக்குப் போன் செய்து பேசுங்கள் என்றார் அலுவலகத்தில் இருந்த அம்மா. போன் இருந்தால் நான் ஏன் அங்கே நிற்கிறேன்?

நேற்று முதல்முறையாகத் தனியாகக் காய்கறி வாங்கினேன். தக்காளியைப் பையில் போட்டுக்கொண்டு பணம் கட்டும் இடத்தில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டாள். நாமே எடை போட்டு, தராசிலிருந்து வரும் சீட்டை நாமே ஒட்டிக்கொண்டு வர வேண்டுமாம். எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தால் தேவலை என்றிருந்தது. ஆறு தக்காளியையும் அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். இன்று திரும்பப் போய் வாங்கினேன்.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
பாப்பா


பிப்ரவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

என் கடிதம் கிடைத்ததா? ஒரு பதிலும் இல்லை. தினமும் வேலைக்குப் போகும்போது பெட்டியைத் திறந்து பார்க்கிறேன், திரும்பும்போதும் பார்க்கிறேன். தபால் ஒரு வேளைதான் வரும் என்று தெரியும். கை கேட்கமாட்டேன் என்கிறது. பீட்சாக் கடை விளம்பரமும், பல் டாக்டர் விளம்பரமும் தவறாமல் வருகின்றன.

வேலை என்று எழுதிவிட்டேன், விவரம் சொல்லவில்லை. சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு பெரிய கடையில் சேர்ந்திருக்கிறேன். அலமாரிகளில் சாமான் அடுக்கும் வேலை. பழைய பால் முன்னால், புதுப் பால் பின்னால். வாடிக்கையாளர்கள் கையை உள்ளே விட்டுப் பின்னால் இருப்பதைத்தான் எடுக்கிறார்கள். உங்கள் கடையில் அடுக்கின் அடியிலிருக்கும் புடவைதான் வேண்டும் என்பார்களே, அதே ஜனம்தான் இங்கேயும்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். நம் வழக்கப்படி பேருக்குப் பக்கத்தில் அப்பா பேரைப் போட்டுக்கொண்டோம் அல்லவா, பாஸ்போர்ட்டில் இருக்கும் அந்தப் பேரை இங்கே குடும்பப் பேர் என்று எழுதிக்கொண்டார்கள். கடையில் எல்லோரும் என்னை உங்கள் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். "இந்த அட்டைப் பெட்டியை யார் இங்கே வைத்தது?" என்று மேற்பார்வையாளர் உங்கள் பேரைச் சொல்லிக் கத்தும்போது, திட்டு உங்களுக்கு விழுகிற மாதிரியே இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

என்மேல் கோபமா அப்பா? அப்படி இருந்தால் அதையாவது எழுதுங்கள்.

அன்புடன்,
பாப்பா


மார்ச் 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. கோபமாவது ஒன்றாவது. முதல் கடிதம் வந்த வாரமே பதில் போட்டேன். அது உலகத்தைச் சுற்றிவிட்டுப் போன திங்கட்கிழமை நம் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. தபால்காரர் உறையை நீட்டி, "சார், உங்க லெட்டர் நம்ம ரெண்டு பேரையும்விட அதிக ஊர் பாத்திருக்கு" என்றார். மேலே ஒரு மஞ்சள் சீட்டு, அதில் ஒரு கட்டத்தில் டிக். மருந்துக்கடைக்காரர் அதைப் போனில் காட்டி மொழிபெயர்த்துச் சொன்னார்: "இந்தப் பேர்ல அந்த வீட்ல யாரும் இல்லையாம் சார்." அம்மா அதைக் கேட்டுப் புலம்ப ஆரம்பித்தவள் சாயந்திரம் வரை நிறுத்தவில்லை.

தப்பு என்னுடையதுதான். நீ எழுதிய முகவரியில் உன் பேரோடு என் பேர் இருந்தது. கல்யாணமான பெண்ணுக்கு அப்பன் பேரா என்று, அதை எடுத்துவிட்டு மாப்பிள்ளை பேரைப் போட்டு அனுப்பினேன். கல்யாணப் பத்திரிகை அடித்த நாளிலிருந்து அப்படித்தானே எழுதுகிறோம். இந்த முறை நீ சொன்னபடி எழுத்து மாறாமல் எழுதியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. வீடு மாப்பிள்ளை எடுத்த வீடு. அவர் பேர் அங்கே எப்படி இல்லாமல் போகும்? அம்மா கேட்கிறாள், நான் கேட்கவில்லை. இன்னொன்று, உன் போன் இல்லாவிட்டால் என்ன, அவர் போனிலிருந்து பேசலாமே? நாங்கள் கூப்பிட்டால், "அவ வேலைக்குப் போயிருக்கா மாமா, வந்ததும் பேசச் சொல்றேன்" என்று வைத்துவிடுகிறார். மரியாதையாகத்தான் சொல்கிறார்.

வாடிக்கையாளரையே எடை போடச் சொல்லும் கடை உருப்படுமா? இங்கே அப்படி விட்டால் சாயந்திரத்துக்குள் தராசையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

முதலாளி நேற்றுகூட, "நம்ம பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். மாப்பிள்ளை அவர் அக்கா மகனாயிற்றே. தங்கமான பிள்ளை என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

உன் அப்பா


ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். மாடிக்காரர் என்னைத் தாண்டிப் போக வழியில்லாமல் நின்றிருந்திருக்கிறார். நான் கவனிக்கவே இல்லை.

பேர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கதவு எண்ணைவிடப் பெட்டியில் ஒட்டியிருக்கும் பேர்தான் முக்கியம். பேர் இல்லையென்றால் ஆளே இல்லை. எங்கள் கட்டடத்துப் பெட்டிகளில் பேர் எழுதும் இடம் விரல் அகலம்தான். ஒரு பேருக்குமேல் கொள்ளாது. தபாலெல்லாம் எனக்குத்தான் அதிகம் வரும் என்பதால் என் பேரை ஒட்டினோம். என் பேர் என்றால் இங்கே உங்கள் பேர்தான். காகிதத்தில் எழுதி, மேலே டேப் ஒட்டியிருக்கிறேன். மழை பெய்தால் ஓரம் பிரிந்துகொள்கிறது. தினமும் கட்டைவிரலால் ஒரு முறை அழுத்திவிட்டுத்தான் போவேன்.

அவருக்கு ஷிப்ட் மாறிவிட்டது அப்பா. நான் வீட்டுக்கு வரும்போது அவர் இருப்பதில்லை. அதனால்தான் அவர் போனில் பேச முடிவதில்லை.

நல்ல செய்தி. வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். சிம் வாங்கிவிட்டேன். என் பேரில், என் கணக்கில். பில் எனக்கே வரும். யாரும் அதை எடுத்து வைத்துக்கொண்டு, யாரிடம் எத்தனை நிமிஷம் பேசினாய் என்று வரி வரியாகக் கோடு போட மாட்டார்கள். வெளிநாட்டுக்குப் பேசும் வசதி இன்னும் திறக்கவில்லை. திறந்ததும் நம்பர் எழுதுகிறேன்.

சம்பளத்தில் ஒரு வாணலியும், ஒரு தட்டும், ஒரு டம்ளரும் வாங்கினேன். தட்டுக்கு ஓரத்தில் நீலக் கோடு. அம்மாவிடம் சொல்லுங்கள், பிடிக்கும்.

அன்புடன்,
பாப்பா


ஏப்ரல் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தட்டைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "ஒண்ணுதான் வாங்கினாளாமா?" என்றாள். ஷிப்ட் வேலைக்காரர்கள் மாற்றி மாற்றிச் சாப்பிடுவார்கள் என்று சமாளித்தேன். நம்பினாளா தெரியாது.

மாப்பிள்ளைக்கு அடுத்த மாதம் பிறந்தநாள். வருஷா வருஷம் கொடுப்பதுதான், இந்த வருஷம் பார்சலில் அனுப்பிவிட்டேன். சுங்கத்துக்காக வெளியே "துணி" என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். உள்ளே என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன். பிரித்துப் பார்த்துவிட்டு நீதான் எழுத வேண்டும்.

உறையில் பட்ட பாடு பார்சலிலும் படக் கூடாது அல்லவா? மேலே மாப்பிள்ளை பேர், அதற்குக் கீழே "மேற்பார்வை", அதாவது கேர் ஆஃப், என்று என் பேர். தபால் ஆபீஸில் இருந்த பெண் இரண்டு முறை படித்துவிட்டு, "இது உங்க பேர்தானே சார்? அவர் உங்க வீட்டுலயா இருக்கார்?" என்று கேட்டாள். "பெட்டிக் கணக்குப்படி அவர் வீட்டோட மாப்பிள்ளைம்மா" என்றேன். வரிசையே சிரித்தது.

பார்சல் வந்ததும் அவரைப் போட்டுக் காட்டச் சொல். படம் எடுத்து அனுப்பினால் முதலாளியிடமும் காட்டலாம். நம்பர் திறந்துவிட்டதா?

உன் அப்பா


மே 28

அன்புள்ள அப்பாவுக்கு,

பார்சல் நல்லபடியாக வந்து சேர்ந்தது. எதற்கு இவ்வளவு சிரமம்? சட்டை அவருக்கு உடம்புக்குத் தைத்த மாதிரி இருக்கிறது. மிகவும் பிடித்திருக்கிறது என்று சொல்லச் சொன்னார். படம் எடுப்பதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டார். இனிமேல் பார்சல் எதுவும் அனுப்ப வேண்டாம் அப்பா, ரொம்ப அலைச்சல். இங்கே தபால் ஆபீஸ் என்று தனியாக இல்லை. ஒரு பேனா பென்சில் கடைக்குள் ஒரு மூலை. பார்சல் யார் பேருக்கு வந்திருக்கிறதோ அவரே அடையாள அட்டையோடு போக வேண்டும். நான் நாலைந்து முறை போய்க் கேட்டுப் பார்த்தேன். அந்தக் கடைக்காரர் நல்லவர்தான், ஆனால் விதி விதிதான் என்கிறார். கடைசி முறை போனபோது என்னைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். அப்புறம் உங்கள் மாப்பிள்ளையே போய் வாங்கி வந்தார்.

கடையில் என்னைப் பால் பகுதியிலிருந்து பிஸ்கட் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். கை விறைப்பதில்லை. ஆனால் சும்மா நிற்க முடியவில்லை. அடுக்கியதையே கலைத்து அடுக்குகிறேன்.

முதலாளி கேட்டால் எல்லோரும் நலம் என்று சொல்லுங்கள். கடையில் உங்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது.

நம்பர் அடுத்த கடிதத்தில்.

அன்புடன்,
பாப்பா


ஜூலை 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் நலம். அம்மா நலம். முழங்காலும் நலம்.

உன் மே மாதக் கடிதத்தைப் படித்தபோதே மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பார்சலில் சட்டைக்கு அடியில் உனக்கு ஒரு ஸ்வெட்டர் வைத்திருந்தேன். கருநீலம். அம்மா கடைக்கே வந்து, என்னை ஒரு வாடிக்கையாளர் மாதிரி படுத்தி, பத்து ஸ்வெட்டரைப் பிரிக்கவைத்துத் தேர்ந்தெடுத்தது. "பிரித்துப் பார்த்து எழுது" என்று சொன்னது அதற்காகத்தான். வருஷா வருஷம் வரும் சட்டையைப் பற்றி அத்தனை எழுதியவள் ஸ்வெட்டரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நீ அப்படிப்பட்ட பெண் இல்லையே.

நேற்று பார்சல் திரும்பி வந்தது. கட்டிய கயிறு கட்டியபடி. வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை என்று இந்த முறை வேறொரு கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார்கள். அந்த ஊர்க் கடையில் எடுக்காத பார்சலைக் கடாசிவிடுவார்கள் என்று நினைத்தாயா? அனுப்பியவனுக்குத்தான் வரும் பாப்பா.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். "நான் வீட்டுக்கு வரும்போது அவர் இருப்பதில்லை." அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர். பில்லில் யாரும் கோடு போட மாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரியில் மட்டும் வெகுநேரம் நின்றுவிட்டேன். அம்மாவிடம் காட்டினேன். அவள் அழவில்லை. "போன்ல பேசும்போது நடுநடுவுல 'சரிம்மா வெச்சிடறேன்'னு பதறுவாளே, அது இதுக்குத்தானா?" என்று கேட்டாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை பார்த்தவன் நான் அல்லவா. நேற்றிலிருந்து சாப்பாடு தட்டில் வருகிறது, பேச்சு வரவில்லை.

நீ தனியாக இருப்பதை இன்று காலை முதலாளியிடம் நானே சொல்லிவிட்டேன். வேறு யார் மூலமாகவாவது வந்தால் நன்றாக இருக்காது. "பொண்ணுங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்" என்றார். "சட்டைன்னா பிரிச்சுத் தைக்கலாம் முதலாளி, ஆளை என்ன பண்றது?" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதியம் என்னைப் புடவைப் பகுதியிலிருந்து கீழே துண்டுப் பகுதிக்கு மாற்றியிருப்பதாகக் கணக்குப்பிள்ளை வந்து சொன்னார். உனக்குப் பால் பகுதியிலிருந்து பிஸ்கட் பகுதி, எனக்குப் புடவையிலிருந்து துண்டு. துண்டு கேட்டு வருகிறவர்கள் நூறு துண்டைப் பிரித்துப் பார்ப்பதில்லை, முழங்காலுக்கு நல்லதுதான். இதுவும் இல்லையென்றால் வேறு கடைகளிலும் துணி அளக்க ஆள் வேண்டும். நீ இதைப் போட்டு மனசைக் குழப்பிக்கொள்ளாதே.

என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. சொல்லத் தோன்றும்போது சொல். நம்பரை மட்டும் எழுது. குரலைக் கேட்டால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்திருக்கிறாய். கண்டுபிடித்தாயிற்று, இனிப் பேசலாம்.

ஸ்வெட்டரைத் தனியாக மறுபடி அனுப்பியிருக்கிறேன். உன் பேர், பக்கத்தில் என் பேர், எழுத்து மாறாமல். அந்தப் பேனா கடைக்காரர் இந்த முறை தலையை ஆட்ட முடியாது.

சட்டையை என்ன செய்வது என்று பார்த்தேன். போட்டுப் பார்த்தேன், கழுத்து சரியாக இருந்தது. கை மட்டும் நீளம். அம்மா வாங்கிக்கொண்டு போய், மடித்துத் தைத்துக் கொண்டுவந்து வைத்தாள். இன்று கடைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன். உன் பெட்டியில் யார் பேர் ஒட்டியிருக்கிறதோ, அவனுக்குத்தான் அது வந்து சேர்ந்திருக்கிறது.

மழைக்கு ஓரம் பிரிந்தால், அழுத்திவிடு.

உன் அப்பா