புஷ்பம் அக்காவின் குரல் டயரி

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. புளத்கொகுபிட்டிய டவுனில் குடை ரிப்பேர், போனுக்கு ரீலோட். பிறகு குரல் டயரிகள். ஆய்வில் சேர்ந்த ரப்பர் தோட்டத்துப் பெண்கள், உடம்பு எப்படி இருந்தது என்று தினமும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறார்கள். கேட்டு எழுதுவது என் வேலை. ராணி வழக்கம்போல் மாமியாரைத் திட்டியிருக்கிறாள். அதை எந்தத் தலைப்பில் போடுவது?

புஷ்பம் அக்கா: "இடது மாருல அந்தக் கட்டி இன்னைக்கும் வலிக்குது. போன வாரத்தை விட பெருசாத் தெரியுது. ஆமென்."

எதைச் சொன்னாலும் ஆமென் போட்டு முடிப்பார். முன்பெல்லாம் சிரிப்பேன்.

ஜூன் 10, செவ்வாய்

மழை. துணி காயவில்லை. ஆய்வை நடத்தும் கொழும்பு மேடம் ஒருவழியாகப் போன் எடுத்தார். பங்கெடுப்பவர்களுக்கு நாம் எதுவும் சொல்லக் கூடாது, சொன்னால் டயரி மாறிவிடும் என்பது அவர் விதி. ஆனால் கட்டி என்றதும் பதறிவிட்டார்.

"போன வாரம் நீங்க போட்ட மெசேஜை நான் பார்க்கவே இல்லையே. கேகாலை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க, உடனே."

எரிச்சல். யார்மேல் என்று தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனேன். காலில் அட்டைக்கடி. மழையில் ரப்பர் பால்வெட்டு இல்லாததால் அக்கா வீட்டில்தான்.

"கிளினிக்குக்கா? ஏன் மிஸ்? நான்தான் தினம் சொல்லிக்கிட்டு இருக்கேனே. கேக்குறவங்க மருந்து அனுப்பாமலா இருப்பாங்க?"

இதற்காகத்தான் ஒரு நாள்கூட விடாமல் பேசியிருக்கிறார்! கேட்பது நான் மட்டும்தான் அக்கா என்றேன். நம்பவில்லை.

"நீங்களும் எங்க மாதிரி வேலைக்கு இருக்கிற ஆளு. உங்களுக்கு மேல யாராச்சும் இருப்பாங்கல்ல?"

ஒரு மணி நேரம் கெஞ்சினேன். கடைசியில் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றார், நானும் கூட இருந்தால். "சாமான் வாங்க சிங்களம் வரும் மிஸ். டாக்டர்கிட்ட மாரைப் பத்தி எப்படிச் சொல்றது?"

அவர் தந்த பிளேன்டீயில் சீனி அதிகம். முழுவதும் குடித்தேன்.

ஜூன் 13, வெள்ளி

பளிச்சென்று வெயில். முதல் பஸ்ஸில் கேகாலை. அக்கா அடுத்த பஸ்ஸில் வருவதாகப் பேச்சு. அவர் பெயரில் நம்பர் எடுத்து வைத்தேன். அடுத்த பஸ் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பிறகு வாட்ஸ்அப்பில் அக்காவின் குரல், பின்னால் வாளிச் சத்தம்.

"மிஸ், மழை விட்டுருச்சு. வெட்டுக்கு வரச் சொல்லிட்டாங்க. இந்த வாரம் ஒரு நாள் கூட பேர் விழல, கூலி இல்ல, இன்னைக்கும் விட்டா அடுப்பு எரியாது. நீங்க இதை டாக்டருக்குப் போட்டுக் காட்டுங்க. கட்டி அக்குளுக்குக் கிட்ட இருக்கு. தொட்டா கல்லு மாதிரி. கையத் தூக்கி வெட்ட முடியல. மருந்து என்னன்னு கேட்டு வாங்கிட்டு வந்துருங்க. ஆமென்."

திரும்பக் கூப்பிட்டேன். அதற்குள் மேலே ஏறியிருப்பார், ரப்பர் மலையில் சிக்னல் கிடையாது. ஓவென்று அழவேண்டும் போல் இருந்தது. பக்கத்தில் ஒரு அம்மா பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"புஷ்பம்!" நர்ஸின் குரல். எழுந்துவிட்டேன். உள்ளே டாக்டர் என்னைப் பார்த்தார், என் பின்னால் பார்த்தார்.

"லெடா கோ?" நோயாளி எங்கே என்று சிங்களத்தில் கேட்கிறார்.

போனை நீட்டினேன்.