நீ கேட்ட மொட்டைத்தலைப் படம்

மைசூர்
27-11-1982

அன்பு மகள் நாகரத்தினத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் அப்படியே இருக்க வேண்டும் என்று மாதேஸ்வரனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். அவர் பெயரை எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது. உன் இரண்டு கடிதங்களும் வந்தன. ஆறு வாரமாகப் பதில் எழுதாததற்கு ஆபீஸ் வேலையைக் காரணம் சொல்லலாம், உன் அப்பாவும் அப்படியே எழுதிவிடு என்றார், ஆனால் காரணம் அது இல்லை. எனக்காக மாதேஸ்வரன் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கிட்டீங்களே அம்மா, அந்தத் தலையோட ஒரு போட்டோ அனுப்புங்க, இவன் பெரியவனானதும் காட்டணும் என்று கேட்டிருந்தாய். அனுப்ப அப்படி ஒரு படம் அப்போது இல்லை நாகு. நான் மொட்டை போட்டுக்கொள்ளவே இல்லை. நேர்த்திக்கடன் முடிந்தது என்று மே மாதம் உனக்கு எழுதினேனே, அது பொய்.

நேர்ந்துகொண்டது மட்டும் பொய் இல்லை. ஏழாம் மாதத்திலேயே டாக்டர் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டதால் உன்னைத் தலைப்பிரசவத்துக்கு இங்கே கூட்டிவர முடியவில்லை. மார்ச் மாதம் மாப்பிள்ளையின் தந்தி வந்தபோது, உன்னை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அடுப்படியில் நின்றபடியே, தாயும் பிள்ளையும் பிழைத்தால் என் தலைமுடி முழுவதும் உனக்கு என்று மாதேஸ்வரனிடம் சொன்னேன். மறுநாள் இரண்டாவது தந்தி வந்தது. அவர் தம் பங்கைச் செய்துவிட்டார்.

உன் அம்மா எப்படி இருந்தவள் என்று உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முதன்முதலில் பி.ஏ. படித்தவள் என்று பெயர், ஆனால் கல்லூரியிலும் கடைசி பெஞ்சு, ஆபீஸிலும் ஃபைல் அலமாரிக்குப் பின்னால் ஓர் இடம். யார் கண்ணிலும் படக்கூடாது என்றே மங்கல் நிறப் புடவையாக எடுத்து, எண்ணெய் வைத்து இறுக்கிக் கொண்டை போட்டு இருபது வருடம் ஓட்டினேன். வீட்டுக் கண்ணாடி அப்பா ஷேவ் செய்யும் உயரத்தில் தொங்கும், அதில் என் நெற்றி வரைக்கும்தான் தெரியும், அது போதும் என்றிருந்தேன். நீ கல்யாணமாகிப் போன பிறகு ஒருநாள், நாற்பத்திரண்டு வயதில், என்ன தோன்றியதோ அந்த ஆணியைப் பிடுங்கி இரண்டு சாண் கீழே அடித்தேன். பிறகு கொண்டையைத் தளர்த்திக் காதோடு படிய வாரினேன். மூக்குக்கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிரேம் மாற்றினேன். அரக்குச் சிவப்பில் மெல்லிய ஜரிகை போட்ட மைசூர் பட்டு ஒன்று எடுத்தேன், நானே போய், யாரையும் கூட்டிக்கொண்டு போகாமல். அதைக் கட்டிக்கொண்டு போன முதல் நாள் மீட்டிங்கில் வாய் திறந்து ஒரு தப்புக் கணக்கைத் தப்பு என்று சொன்னேன். துணியில் என்ன தைரியம் வரும் என்று நீ சிரிக்கலாம், எனக்கு வந்தது. அதனால்தான் இந்த ஜூனில் என்னை சூப்பரிண்டெண்டாகப் போட்டபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காமல் இருந்தேன்.

அந்தத் தலைமுடியைத்தான் மாதேஸ்வரனுக்குச் சொல்லியிருந்தேன். ஏப்ரலில் ஒரு சாயங்காலம், என் பக்கத்து மேஜை சீதாலக்ஷ்மியும் நானும் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். அவர் ரயில்வேயில் இருந்தவரின் மகள், எனக்கு ஆபீஸில் இருக்கும் ஒரே சிநேகிதி. மலைப்பக்கத்திலிருந்து வந்த கொள்ளேகால் பஸ்ஸிலிருந்து மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பெண்கள் நாலைந்து பேர் இறங்கி நஞ்சன்கூடு கோயிலுக்குப் போகும் பஸ்ஸைத் தேடினார்கள். சீதாலக்ஷ்மி என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன கொடுமை பாருங்கோ சித்தம்மா, இந்தக் காலத்துலயும் பொம்மனாட்டி தலையை மழிக்கறாளே, எங்க அத்தைக்குப் பதினெட்டு வயசுல பண்ணினா என்றார். அவர்கள் விதவைகள் இல்லை, வேண்டுதலுக்குக் கொடுத்தவர்கள், எங்கள் பக்கத்தில் அது பெருமை என்று சொல்லியிருக்கலாம். நான், ஆமாங்க பாவம் என்றேன். அவர்களில் ஒருத்தி என் சொந்த ஊர் ஹனூரில் எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீட்டு சாமியாத்தாள். என்னைக் கண்டு சிரிக்க வாயெடுத்தாள். நான் பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மே மாதம் மலையில் முடி எடுப்பவர் முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு சாமி நினைவு இல்லை, ஜூனில் பதினொரு ஆண்கள் முன்னால் போய் உட்கார வேண்டிய நாற்காலிதான் நினைவு. பூமுடி போதும் என்றேன். மூன்று இடத்தில் நுனி வெட்டினார், எழுந்துவிட்டேன். கூட வந்த மாதம்மா அத்தைதான் விடவில்லை, பூமுடியாக்கும், தாயும் புள்ளையும் பொழைக்கோணும்னு கேக்கையில பூவாட்டமாவா கேட்டே என்று அத்தனை பேர் நடுவில் கேட்டார். திரும்பி வந்ததும் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். அதற்கு நீ அழுதுகொண்டு பதில் எழுதினாய். அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன், மறுபடி எடுத்துப் படிக்க முடியவில்லை.

போன சனிக்கிழமை மறுபடி மலைக்குப் போனோம். அப்பா முடி எடுப்பவரிடம், கெட்டியா புடிச்சுக்குங்க, இவ மூணு வெட்டோட எந்திரிச்சு ஓடறவ என்றார். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன், சிரிப்பதற்குள் பாதித் தலை போய்விட்டது. திரும்பும்போது ஹனூரில் இறங்கி சாமியாத்தாள் வீட்டுக்குப் போய், அன்றைக்கு உன்னைப் பார்த்தும் பாராமல் இருந்தேன் என்று சொன்னேன். பட்டணத்துல உத்தியோகம் பாக்கறவ, அவசரமா இருந்திருப்பே, அதுக்கென்ன இப்போ என்று சொல்லி என் தலையைத் தடவிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு அந்த அரக்குப் பட்டையே கட்டிக்கொண்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன். சீதாலக்ஷ்மி ஓடி வந்தார். முதலில் என் கழுத்தைத்தான் பார்த்தார். தாலி இருந்ததும், பின்ன என்ன சித்தம்மா இது என்றார். என் மகளுக்காக வேண்டிக்கிட்டது என்றேன், அன்னைக்குப் பஸ் ஸ்டாண்டுல பார்த்தோமே, அவங்க எங்க ஊர்க்காரங்க, அதுல ஒருத்தி எனக்குத் தெரிஞ்சவ என்றேன். ஏன் அன்னிக்கே சொல்லலை என்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் தம் மேஜைக்குத் திரும்பிவிட்டார். மீட்டிங்கில் அறிக்கை வாசிக்கும்போது முந்தானை நழுவித் தோளில் விழுந்துவிட்டது. தைரியத்தில் விட்டேன் என்று நினைக்காதே, இரண்டு கையிலும் காகிதம் இருந்தது. அப்படியே தப்பில்லாமல் வாசித்து முடித்தேன். வெளியே வந்ததும் சீதாலக்ஷ்மி என்னை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மொட்டைக்கு இந்தப் பொட்டுத் தோடு எடுக்கலை, நாளைக்கு ஜிமிக்கி போட்டுண்டு வாங்கோ என்றார்.

மறுநாள் ஜிமிக்கி போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். படம் எடுப்பவர் தலையை மூடிக்கொள்ளச் சொன்னார், வேண்டாம் என்றேன். நேற்றுப் படம் வந்தது. காது பெரிதாகத் தெரிகிறது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு தலை வாரவே பிடிக்கவில்லை, மாப்பிள்ளையின் பழைய சட்டையிலேயே நாள் போகிறது, அக்கம்பக்கத்தில் கூப்பிட்டாலும் போவதில்லை என்று எழுதியிருந்தாய். உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை இப்போது எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன், உங்கள் வீட்டில் கண்ணாடி எந்த உயரத்தில் இருக்கிறது? மாப்பிள்ளை உயரம் என்றால் அவரிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே, நீயே ஆணியை இறக்கி அடி. குழந்தைக்குக் குளிர் காலத்தில் காதை மூடி வை. தையல் போட்ட இடம் வலித்தால் மறைக்காமல் எழுது, மறைத்தால் எங்கே போய் முடியும் என்று பார்த்துவிட்டாய். அப்பா உங்கள் மூன்று பேருக்கும் ஆசி சொல்லச் சொன்னார். மாதேஸ்வரன் உங்களைக் காப்பாற்றட்டும், என்னையும் பொறுத்துக்கொள்ளட்டும்.

மறந்துவிடாதே, படத்தின் பின்பக்கம் தேதி போட்டிருக்கிறேன், நவம்பர் என்று. உன் மகன் பெரியவனாகிக் கேட்டால் மே மாதக் கடிதத்தையும் சேர்த்தே காட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
சித்தம்மா