பக்குவமாக இறக்கவும்

இன்றைக்கும் சுக்குக் காப்பி சரியாக வரவில்லை. சுக்கும் மல்லியும் கொதித்து, கருப்பட்டி கரைந்து, வீடு முழுக்க அந்த வாசனை எழுந்தபோது உன் காப்பி வந்தேவிட்டது என்று நினைத்தேன். டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தால் வெறும் கஷாயம். சாரலில் நனைந்த சேலையோடு அடுப்படியில் நின்றுகொண்டே உன்னைத் திட்டித் தீர்த்தேன். போய்ச் சேர்ந்தவளைத் திட்டக் கூடாது என்பார்கள். உன்னோடு ஒரே வீட்டில் குடியிருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நீ தமிழ் டீச்சர், நான் சமையல் டீச்சர். தென்காசியில் ஒரே பெண்கள் பள்ளிக்கூடம், ஒரே வாடகை வீடு. வெந்நீர் வைக்கச் சொன்னால் பாத்திரத்தைத் தீய்த்து வைக்கிறவள் நீ. அப்படிப்பட்டவளுக்கு, நாலாவது பாரத்துப் பிள்ளைகளுக்கு ‘உணவு ஒன்றைச் செய்யும் முறை’ என்று கட்டுரை நடத்தும் பாடம் வந்தது. வேறு யாராவது என்றால் கரும்பலகையில் நாலு குறிப்பு எழுதிப் போட்டுவிட்டு மணி அடித்ததும் போயிருப்பார்கள். நீ நேரே என் அடுப்புக்கு வந்து சேர்ந்தாய்.

பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ‘மனிதன் உயிர்வாழ உணவு இன்றியமையாதது’ என்றுதான் தொடங்கும். காய்கறியின் நன்மைகள் ஒரு பக்கம், விருந்தோம்பலின் சிறப்பு ஒரு பக்கம். சமையல் மட்டும் கடைசி மூன்று வரியில் முடிந்துவிடும். அதிலும் கடைசி வரி எல்லோருக்கும் ஒன்றேதான்: ‘பக்குவமாக இறக்கவும்.’ அந்த வார்த்தையைக் கண்டால், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரியான உனக்கே சாமி வந்துவிடும். சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, ‘பக்குவம் என்றால் என்ன?’ என்று ஓரத்தில் எழுதுவாய். எழுதினவளே வந்து திருத்திக் கொடுக்கும்வரை விடமாட்டாய்.

“பக்குவம்னா என்னட்டி? எந்தக் கடையில கிடைக்கும்? வீசை என்ன விலை?” என்று வகுப்பில் கேட்பாய். பிள்ளைகள் சிரிப்பார்கள். நீ சிரிக்க மாட்டாய்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கூத்தைத் தொடங்கினாய். கட்டுரையில் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே நீ சமைப்பாய். எழுதிய பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. நானும் திறக்கக் கூடாதாம், என் சமையல் அறையில்! தேங்காயை அரைக்கவும் என்று மட்டும் எழுதியிருந்ததால், முழுத் தேங்காயை என் ஆட்டுரலில் வைத்துக் குழவியை உருட்டப் பார்த்தாய். அடுப்பை மூட்டவும் என்று எழுத மறந்த பிள்ளையின் உப்புமாவுக்காக, நெருப்பில்லாத அடுப்பின் முன்னால் மணி அடிக்கும்வரை கைகட்டிக்கொண்டு நின்றாய்.

“ஒரு வார்த்தை சொன்னா என்னட்டி குறைஞ்சா போயிருவ? பச்சப்பிள்ளைய இப்படியா அழ வைப்பாங்க?” என்று ஒரு நாள் கத்தினேன்.

“எழுதுனவ பக்கத்துல நிக்க மாட்டா. எழுத்துதான் நிக்கும். அதைப் பிள்ளைங்க இப்பமே தெரிஞ்சுக்கிடட்டும்,” என்றாய். சொல்லிவிட்டு, தீய்ந்துபோன சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாய். தேய்க்கிறவள் நான்தானே.

இதுவரைக்கும் பொறுத்தேன். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருகிறார் என்றதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சமையல் வகுப்பு தேவையில்லை, விறகுக்கும் தேங்காய்க்கும் வீண் செலவு என்று தலைமை ஆசிரியை நினைத்துக்கொண்டிருந்தார். வருகிற அம்மாளும் அப்படியே சொல்லிவிட்டால் வகுப்பை எடுத்துவிட்டு அந்த அறையில் தையல் மெஷின்களைப் போட்டுவிடுவார்கள். என் வேலை அப்போது தற்காலிகம். வகுப்பு போனால் நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே என்னை இரண்டாந்தாரமாகக் கொடுக்க ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள். இதெல்லாம் உனக்குத் தெரியும்.

“நாளைக்கு ஒரு நாள் மட்டும் என் அடுப்புப் பக்கம் வராத. உன்னக் கும்பிடுதேன்,” என்று முந்தின நாள் கெஞ்சினேன். “சரிட்டி, நீ ஏன் பதறுத?” என்றாய்.

மறுநாள் சொதி வைத்துக் காட்டுவதாக ஏற்பாடு. பருப்பு வெந்து, காய்கள் நறுக்கி, தேங்காய்ப்பால் மூன்று பாத்திரங்களில் தயாராக இருந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா முதலில் உன் வகுப்புக்குப் போனார். கட்டுரை எப்படி நடத்துகிறீர்கள் என்று வாய்தவறிக் கேட்டிருக்கிறார். “வாங்கம்மா, காட்டுதேன்,” என்று அவரையும் தலைமை ஆசிரியையையும் நாலாவது பாரம் மொத்தத்தையும் அழைத்துக்கொண்டு நீ நேரே என் அறைக்குள் நுழைந்தாய்.

உன் கையில் இருந்தது செண்பகத்தின் கட்டுரை. இலத்தூர்ப் பிள்ளை. நான் சொல்லிக்கொடுத்தவர்களில் கைமணம் உள்ளவள் அவள்தான். அவள் எழுதியிருந்ததும் சொதியைப் பற்றித்தான். தேங்காயைத் துருவி முதற்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுத்துக்கொள்ளவும் என்று ஒழுங்காக எழுதியிருந்தாள். அடுத்த வரி, பாலை ஊற்றிக் காய்களை வேகவைக்கவும். அவ்வளவுதான். எந்தப் பால் என்று இல்லை. நீ வாசித்தாய், வரிசையாகப் பார்த்தாய், முதற்பாலைக் கையில் எடுத்தாய்.

முதற்பால் கடைசியில் போக வேண்டியது. கொதித்தால் திரிந்துவிடும். இது எனக்குத் தெரியும், செண்பகத்துக்குத் தெரியும், அங்கே நின்ற பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படிப் பழக்கி வைத்திருந்தாய் நீ. என் வேலை அந்தப் பாத்திரத்தின் விளிம்பில் தொங்குகிறது, நானும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன்.

அதுவரை இலக்கணம் தவறாமல் பேசிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாதான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “ஐயய்யோ, அதை ஊத்தாதம்மா! அது கடைசியிலல்லா ஊத்தணும்!”

“அப்படி எழுதலையேம்மா,” என்று சொல்லிவிட்டு நீ ஊற்றினாய். கொதிக்கவும் விட்டாய். தண்ணீர் வேறு, பால் வேறாகப் பிரிந்து மிதந்ததை ஒரு கிண்ணத்தில் எடுத்து அவரிடமே நீட்டினாய். அந்த நெஞ்சழுத்தம் வேறு யாருக்கு வரும்?

“எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன் டீச்சர்,” என்றாள் செண்பகம், கண் கலங்கி.

“எனக்குத் தெரியாதே,” என்று பென்சிலை அவளிடம் கொடுத்தாய். அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே அவள் எழுதினாள். மூன்றாம் பாலில் காய்களை வேகவைக்கவும். அடுத்து இரண்டாம் பால். முதற்பாலைக் கடைசியில் ஊற்றவும். ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியதும் இறக்கவும். எலுமிச்சம்பழத்தை இறக்கிய பிறகே பிழியவும். வீட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த தேங்காயை நான் பல்லைக் கடித்துக்கொண்டு உடைத்துக் கொடுத்தேன். அந்த எழுத்தைப் பார்த்து, வெந்நீர்கூட வைக்கத் தெரியாத நீ வைத்தாயே ஒரு சொதி. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

“இந்த அறையை எடுத்துட்டா கட்டுரையை எங்க வச்சு நடத்துவீங்க?” என்று தலைமை ஆசிரியையைப் பார்த்துக் கேட்டார். அறை நிலைத்தது. அடுத்த வருஷம் என் வேலையும் நிலைத்தது. நான் சமைத்ததைப் பார்த்து நிலைத்திருந்தால் சரி. நீ கெடுத்ததைப் பார்த்து நிலைத்தது. “உன் வேலையை நாந்தான காப்பாத்துனேன்” என்று வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் சொல்லிக்காட்டினாய். அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

உனக்கும் ஒன்று செய்யத் தெரிந்திருந்தது. சீசன் வந்தால் சனிக்கிழமைகளில் குற்றாலத்துக்குப் பஸ் ஏறுவோம். அருவியில் நின்றுவிட்டு, பல் கிட்டித்துப்போய் வீடு திரும்புவோம். அன்றைக்கு மட்டும் என்னை அடுப்படியை விட்டு விரட்டிவிட்டுச் சுக்குக் காப்பி போடுவாய். எங்கே படித்தாய் என்று தெரியாது. தொண்டையில் காரம் இறங்கி, நெஞ்சில் இனிப்பு நிற்கும். சமையல் டீச்சரான எனக்கு அது ஒரு நாளும் கைவரவில்லை.

“இதை எழுதிக் குடேன்,” என்று கேட்காத சீசன் கிடையாது.

“எழுதிட்டா உனக்கு நான் எதுக்குட்டி?” என்பாய்.

மஞ்சள்காமாலையில் படுத்தவள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு நாள் காகிதம் கொண்டுவா என்றாய். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே போய்க் குழாயடியில் அழுதுவிட்டுத்தான் காகிதம் கொண்டுவந்தேன்.

அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் இப்போது போடுகிறேன். முதல் வரியே ‘அடுப்பை மூட்டவும்’. சுக்கு எந்த விரலின் எத்தனையாவது கணு அளவு, தட்டினால் எப்படி உடைய வேண்டும், கருப்பட்டியைப் போடும்போது தண்ணீர் என்ன சத்தம் போட வேண்டும், எல்லாம் இருக்கிறது. ஒரு குறை சொல்ல முடியாது. கடைசி வரிக்கு வந்தால், கோணல்மாணலான எழுத்தில், ‘பக்குவமாக இறக்கவும்.’

கை ஓய்ந்துபோய் அப்படி எழுதினாயா? இல்லை, என்னை வம்புக்கு இழுக்கவா? காகிதத்தை வாங்கி நான் வாசித்து முடிப்பதற்குள் நீ தூங்கிப்போயிருந்தாய். எழுப்பிக் கேட்க மனம் வரவில்லை. மறுநாள் கேட்கலாம் என்றிருந்தேன்.

நாலாவது பாரத்துக் கட்டுரை வகுப்பு இன்னும் என் அறையில்தான் நடக்கிறது. புதிதாக வந்த தமிழ் டீச்சர் முணுமுணுத்துக்கொண்டே பிள்ளைகளை அழைத்து வருகிறாள். எழுதியதை எழுதியபடியே நான் சமைக்கிறேன், வாய் திறப்பதில்லை, சட்டியையும் நானே தேய்க்கிறேன். இந்த வருஷப் பிள்ளைகளும் பக்குவமாகத்தான் இறக்குகிறார்கள். உன் சிவப்புப் பென்சிலால் ஒவ்வொன்றுக்கும் வட்டம் போடுகிறேன். உன் காகிதத்துக்கு மட்டும் போடவில்லை. வட்டம் போட்டால் எழுதினவள் வந்து திருத்திக் கொடுக்க வேண்டும், அதுதானே உன் சட்டம்?