அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட ஊர்

டண்டினொங்,
மெல்போர்ன்.
3-11-1977

அன்பு மகன் சிவபாலனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் யோகாவும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாயிருக்க நல்லூரானை மன்றாடுகிறேன். நானும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம் என்பதால் அப்படியே எழுதுகிறேன், முழங்கால் உளைவும் நித்திரை இல்லாமையும் இந்த வயதில் சுகத்தோடு சேர்த்திதான். உன் கடிதம் வந்து கன நாளாகிவிட்டது. பதில் எழுதப் பேனாவை எடுப்பேன், மேசையில் இருப்பேன், பிறகு கறிக்கு வெங்காயம் உரிக்கப் போய்விடுவேன். அப்பாவின் அஸ்தியை எப்போது கொண்டுவருகிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்விதான் நீ கேட்டிருந்தாய். அந்த ஒன்றுக்குத்தான் என்னால் பதில் எழுத முடியவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். நேரே சொல்ல எனக்கு வராது, நடந்தபடியே சொல்கிறேன், நீ கடைசிப் பக்கத்தைத் தூக்கிப் பார்க்காமல் வரிசையாக வாசி.

இங்கே குளிர் விட்டுவிட்டது என்கிறார்கள், எனக்கு விடவில்லை. சிறி கிழமைக்கு ஒருக்கால் வந்து புல் வெட்டித் தருகிறான், அப்பாவோடு தொழிற்சாலையில் வரைபடப் பகுதியில் வேலை செய்தவன், தாடி வைத்தவன், படம் அனுப்பியிருந்தேனே. சந்தைக்குப் போனால் எனக்கும் போஞ்சியும் கத்தரிக்காயும் வாங்கி வருகிறான். கறிவேப்பிலை இல்லாத ஊரில் ஒருத்திக்குச் சமைக்கிற கறி எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. வைகாசியில் அப்பா நெஞ்சு வருத்தத்தில் போனபோது நீ பயண அனுமதிக்காகக் கொழும்பில் கந்தோர் கந்தோராக அலைந்தாய், அது கிடைக்குமுன் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. ஐயர் இல்லை, பறை இல்லை, கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் நீ இல்லை. இங்கே அடுப்பில் வைத்துத்தான் எரிக்கிறார்கள், சிறிதான் அதன் பொத்தானை அழுத்தினான், அழுத்திவிட்டு வெளியில் போய் நின்று அழுதான். அதனால்தான் அஸ்தியையாவது கீரிமலைத் தீர்த்தத்தில் கரைக்கக் கொண்டுவாருங்கள், அந்தியேட்டிக் கிரியையை என் கையால் செய்கிறேன் என்று நீ எழுதினாய். நானும் ஓம் என்று எழுதினேன். அதை மறக்கவில்லை மகன். வீட்டுக்குள் வைக்கக் கூடாதென்று சாம்பலைக் கராஜில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன், அப்பாவின் பழைய குடைக்குப் பக்கத்தில்.

பயணத்தைப் பற்றி யோகாவின் ஆட்கள் ஏதோ கதைத்தார்கள் என்று கேள்வி. புருஷன் செத்து ஒரு வருஷமாகி ஆட்டைத் திவசம் வருமுன்னே ஊர் சுற்றப் போனவள் என்று யார் சொன்னாலும் சொல்லட்டும். டிக்கெட் அவர் எடுத்து வைத்தது, போகும் வழியில் லிஸ்பன், வரும் வழியில் கொழும்பு. அவர் இல்லாவிட்டாலும் அவருடைய சாம்பலோடு அந்த வழியிலேயே வந்து உன் கையில் தந்துவிடலாம் என்றுதான் வெளிக்கிட்டேன். லிஸ்பன் என்ற பெயரை முதல் முதல் அப்பா சொன்னபோது நான் ஏதோ மருந்து என்று நினைத்தேன். நல்லூர்க் கோயிலை இடிச்ச போர்த்துக்கேயப் பறங்கி எப்பிடிப்பட்ட ஊரிலையிருந்து வந்தவன் எண்டு ஒருக்கால் பாக்க வேணும் என்பார். முந்நூற்றைம்பது வருஷத்துக் கோபத்தை ஊரெல்லாம் மறந்த பிறகும் இவர் ஒருவர் வைத்துக் காத்தார். இங்கே பழைய புத்தகக் கடையொன்றில் அந்த ஊருக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் அகப்பட்டது. பக்கத்துக்குப் பக்கம் படம், கோயில், கோபுரம், ட்ராம் வண்டி, மீன்காரி, எல்லாம் யாரோ கையால் வரைந்து மெல்லிய வர்ணம் பூசியவை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் குசினி மேசையில் அதை விரிப்பார். அடிமட்டமும் பென்சிலும் எடுத்து, பின்பக்கத்து வரைபடத்தில் இந்தப் படத்தின் இடத்திலிருந்து அந்தப் படத்தின் இடத்துக்கு ஒரு நேர்கோடு இழுப்பார். இஞ்சாரும், போட்டு வாறன் என்று எனக்குச் சொல்லிவிட்டு, கதிரையை விட்டு எழும்பாமல் அந்தக் கோட்டிலே விரலால் நடப்பார். நான் போஞ்சி நறுக்கிக்கொண்டு, வரேக்கை அரை றாத்தல் சீனி வாங்கிக்கொண்டு வாங்கோ என்பேன். நான் நின்று பார்த்தது ஒரே ஒரு படத்தைத்தான். ஆற்றங்கரையில் இரண்டு கல்தூண், நடுவில் அகலமான படிக்கட்டு தண்ணீருக்குள்ளேயே இறங்கிப் போகிறது. கீரிமலைக் கேணிப் படி மாதிரிக் கிடக்கு என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார், ஓம் என்று மட்டும் சொன்னார்.

ஆடி முடியும் தறுவாயில் லிஸ்பனில் இறங்கினேன். சுங்கத்தில் ஒருவன் என் பையைத் திறந்து செப்புப் பாத்திரத்தைத் தூக்கி இது என்ன என்று கேட்டான். என் புருஷன் என்றேன். அவன் எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான். பிறகு விளங்கி, முகம் வெளிறி, இரண்டு கையாலும் பிடித்துத் திரும்ப வைத்தான். தங்கியது ஒரு விதவை நடத்துகிற சின்ன விடுதியில், அமீலியா என்று பெயர், என் வயதுதான். புருஷன் போய்ப் பல வருஷமாம், இன்னும் கறுப்புத்தான் உடுத்துகிறாள். நான் வெள்ளைச் சேலையோடு வாசலில் நிற்க, அவள் தன் கறுப்பைத் தொட்டுக் காட்டினாள், என் வெள்ளையைத் தொட்டுக் காட்டினாள், அதற்கு மேல் விளங்கப்படுத்த ஒன்றும் இருக்கவில்லை. ஆங்கிலம் அவளுக்கு அரைகுறை. சாம்பலை உள்ளே வைக்க மாட்டேன் என்று நான் கையால் காட்ட, பூச்சட்டிகள் வைத்த பல்கனியில் இரும்புக் கம்பியோடு கட்டித் தந்தாள்.

அடுத்த நாள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் முதல் கோட்டில் இறங்கினேன். இறங்கினேன் என்பது பிழை, ஏறினேன். மகன், அந்த ஊர் முழுக்க மலை. புத்தகத்தின் படத்தில் மலை இல்லை, வரைபடத்தில் மலை இல்லை, உன் அப்பாவின் அடிமட்டத்துக்கும் மலை தெரியாது. கொக்குவிலில் பிறந்து தட்டை நிலத்தில் சைக்கிள் ஓடி வளர்ந்த மனுஷன், எந்த ஊரும் மேசை மாதிரித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார். விரலளவு நீளத்தில் அவர் இழுத்த கோடு நிலத்திலே முடியாத படிக்கட்டாக இருந்தது. வழி தெரியாமல் படத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டேன், படத்தைப் பார்த்த சனமெல்லாம் கையை மேலே காட்டியது. எப்போதும் மேலேதான். புத்தகமும் பழையது, இடையில் ஆட்சி கவிழ்ந்து பாலத்துக்கு வேறு பெயராம், படத்தில் வெறுமையாக இருந்த சுவரெல்லாம் இப்போது சிவப்பு எழுத்து. நீங்கள் கதிரையில் இருந்துகொண்டு நடந்தீர்கள், நான் காலால் நடக்கிறேன் என்று அவரை வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஏறினேன். ஓரிடத்தில் முழங்கால் விட்டுவிட்டது. வீட்டு வாசலில் மீன் சுட்டுக்கொண்டு நின்ற பெண்ணிடம் என்னை மறந்து தமிழிலேயே கதிரை என்றேன். அவள் உள்ளே போய்க் கதிரையைத் தூக்கிவந்து போட்டாள். கதிரை எண்டு பறங்கியின்ட சொல்லைத்தான் நாங்கள் நெடுகச் சொல்லித் திரியிறம் என்று அப்பா சொல்வாரே, இருந்திருந்தால் துள்ளியிருப்பார். அந்தக் கதிரையில் மூச்சு வாங்கும்போதுதான் ஒன்று விளங்கியது. அவருடைய நெஞ்சுக்கு இந்த முதல் கோடே காணும். வந்திருந்தால் இந்தப் படியில்தான் விழுந்திருப்பார். அவர் ஆசையாக அடிமட்டம் வைத்து இழுத்ததெல்லாம் அவரால் ஒருநாளும் நடக்க முடியாத வழி. அதை நினைத்ததும் கால் உளைவு போய் நெஞ்சு உளைந்தது.

அந்தக் கிழமைதான் உன் தந்தி வந்தது. கலவரத்தில் அனுராதபுரம் வீடு எரிந்தது, உயிரோடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தோம், இங்கே வரவேண்டாம், அப்பாவைப் பத்திரமாக வைத்திருங்கள். அமீலியா என் முகத்தைப் பார்த்து யார் செத்தது என்று கேட்டாள், ஒருவரும் சாகவில்லை என்று சொல்லிவிட்டு அவளுடைய குசினி நிலத்திலே இருந்துவிட்டேன். அடுத்த நாள் எங்கே போவதென்று தெரியாமல், அப்பா இரட்டைக் கோடு போட்டிருந்த இடத்துக்குப் போனேன். அது ஒரு பழைய மாதா கோயில். எப்போதோ பூமி அதிர்ந்து கூரை விழுந்துவிட்டது, திரும்பப் போடாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், வளைவுகள் மட்டும் நிற்கின்றன, நிமிர்ந்து பார்த்தால் வானம். படத்துக்குப் பக்கத்தில் அப்பா பொடி எழுத்தில் எழுதியிருந்தார், இவனுக்கும் இடிந்தது என்று. அதைப் பார்த்துத் திருப்திப்படத்தான் அவர் வந்திருப்பார். எனக்குத் திருப்தி வரவில்லை. கூரை இல்லாத அந்தச் சுவர்களுக்கு நடுவில் நிற்க, அனுராதபுரத்து உன் வீடுதான் கண்ணில் நின்றது, யோகா தைத்துப் போட்ட ஜன்னல் சீலை, அப்பா வாங்கி அனுப்பிய மணிக்கூடு. சத்தம் போட்டு அழுதேன். ஊர் பார்க்க வந்த ஒரு சோடி என்னைப் படம் எடுக்கப் பார்த்தது, புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அப்படி மறைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் யோசித்தேன். பத்திரமாக வைத்திருங்கள் என்கிறாய், எதுவரைக்கும்? நிலைமை சரிவரட்டும் என்று சொல்வதை நான் ஐம்பத்தெட்டாம் ஆண்டுக் கலவரம் தொடக்கம் கேட்கிறேன், அப்போது உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியவள் நான். இந்தச் சாம்பல் கராஜில் தொங்கும் வரைக்கும் நீ கீரிமலையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருப்பாய், அப்பாவின் கடமை முடியாமல் எப்படி வெளிக்கிடுவது என்பாய். செத்தவரைக் காட்டி, உயிரோடு இருக்கிற உன்னை அங்கே கட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

புறப்படுகிற அன்று விடிய அமீலியாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் படிக்கட்டுக்குப் போனேன். படத்தில் இருந்தபடியே இருந்தது, இரண்டு தூண், நடுவில் படி, படியில் பாசி. அந்த ஊரில் புத்தகம் பொய் சொல்லாத ஒரே இடம் அதுதான், ஏனென்றால் அங்கே தட்டை. அமீலியா என் செருப்பையும் புத்தகத்தையும் பிடித்துக்கொண்டு மேலே நின்றாள். பெண் செய்யக் கூடாது என்பது எனக்குத் தெரியாததில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் குளிர்ந்தது. தெரிந்த பாட்டொன்றைத் தொடங்கினேன், இரண்டாம் அடியோடு விட்டுவிட்டுச் செப்புப் பாத்திரத்தைக் கவிழ்த்தேன். சாம்பல் உடனே போகவில்லை, என் காலைச் சுற்றிக் கொஞ்ச நேரம் நின்றது, எங்கே போவதென்றாலும் வெளிக்கிடப் பிந்துகிற மனுஷன். பிறகு ஒரு அலை வந்து இழுத்தது. போங்கோ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், போட்டு வாங்கோ என்றுதான் வந்தது. செத்தவரைத் திரும்பி வாங்கோ என்று சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன்.

இதுதான் உன் கேள்விக்குப் பதில். உனக்குக் கோபம் வரும். பறங்கியின் ஆற்றிலா அப்பாவை விட்டீர்கள் என்று கேட்பாய். ஓம், அங்கேதான் விட்டேன், அவர் பார்க்க ஆசைப்பட்ட ஊர். கொள்ளி வைக்கவும் கிடைக்கவில்லை, மிஞ்சியிருந்த ஒன்றையும் அம்மா பறித்துவிட்டாள் என்று நீ நினைத்தால் அது மெய்தான். கோபத்தை வைத்துக்கொள், ஆனால் நான் சொல்வதைக் கேள். எரிந்த வீட்டில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க அனுராதபுரம் போகாதே. யோகாவைப் பாயில் படுக்க விடாதே, யாரிடமாவது ஒரு கட்டில் கேட்டு வாங்கு, கேட்க வெட்கப்படாதே. சிறி இங்கே குடிவரவுக் கந்தோரில் கதைத்திருக்கிறான், மகனையும் மருமகளையும் கூப்பிடலாமாம், பேப்பர்கள் தனியாக வரும், யோசித்துக்கொண்டிராமல் கையெழுத்து வை. இந்த வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. இரவில் அந்தக் கதவைச் சாத்திவிட்டுத்தான் படுக்கிறேன், திறந்திருந்தால் நித்திரை வருவதில்லை.

இதோடு ஒரு பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன், புத்தகத்திலிருந்து நானே கிழித்தது, அந்தப் படிக்கட்டுப் படம். வலது கைப் பக்கத் தூணுக்குக் கிட்ட, தண்ணீர் தொடுகிற படியில், அப்பாவின் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அடிமட்டம் வைக்கவில்லை, கோடும் இழுக்கவில்லை, புள்ளி மட்டும்தான். அவர் நின்றுவிட்ட இடம் அது. வைகாசியில் ஆட்டைத் திவசம் வரும்போது கீரிமலைக்குப் போய், கேணிப் படியில் இந்தப் படத்தை வைத்துச் செய்ய வேண்டியதை உன் கையால் செய். ஐயர் ஏதும் சொன்னால் அம்மாவின் கட்டளை என்று சொல். அதோடு அங்கே உன் கடமை முடிந்தது, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிடு.

உனக்கும் யோகாவுக்கும் பிறக்கப் போகிற குஞ்சுக்கும் நல்லூர்க் கந்தன் முன்னும் பின்னும் துணை நிற்கட்டும், நீங்கள் கால் வைக்கிற இடமெல்லாம் ஆறுதலாயிருக்கட்டும். பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க மறக்காதே. புத்தகத்தில் கிழித்த இடம் பல் போன வாய் மாதிரி இருக்கிறது, அந்தப் பக்கத்தைத் திரும்ப அதில் ஒட்ட வேண்டும். தபாலில் அனுப்பிவிடாதே. கையில் கொண்டு வா.

வாசலைப் பார்த்திருக்கும் உன் அம்மா,
நாகேஸ்வரி கதிர்காமநாதன்