கல்பாசி போட்ட தேங்காய்ப்பால் சோறு

அன்புள்ள சிவகாமி அக்காவுக்கு,

உன்னை நான் ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. கூடத்துச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் போட்டோவில் பார்த்ததோடு சரி. நீ போய் இரண்டரை வருஷம் கழித்து உன் வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தவள் நான். ஊர் என்னைச் சக்களத்தி என்றது. நானாகவே உன்னை அக்கா என்று சொல்ல ஆரம்பித்தேன். நீயும் வேண்டாமென்று சொல்லவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. கோமளா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். உன் மகளுக்கு வயது பத்தொன்பது ஆகிறது. வளைகாப்பு முடித்து அழைத்துவந்தோம், இன்னும் பத்து நாள் என்கிறார் டாக்டரம்மா. நீ இரண்டாவது பிரசவத்தில், வயிற்றுப் பிள்ளையோடு போனவள். அதனால் வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை. நம் வீட்டுக்காரர் சாயம் காய்ச்சும் அண்டாவைத் தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

உனக்கு விலாசம் கிடையாது. அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன், யார் வழியாகவாவது வந்து சேரட்டும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் உன்மேல் நான் ஒரு பழியை நினைத்தேன். பிரசவம் ஆவதற்குள் அதைச் சொல்லித் தீர்த்துவிட வேண்டும்.

நான் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தபோது கோமளாவுக்கு நாலு வயது. பாயில் ஒட்டிக்கொண்டு கிடந்தாள். அரை டம்ளர் பால், இரண்டு வாய் கஞ்சி, அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. ஆஸ்பத்திரியில் டானிக் கொடுத்தார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கை மெலிந்து அந்தக் கயிறு நழுவி விழுந்தது. நம் நாத்தனாருக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. நான் ஊட்ட உட்காரும்போதெல்லாம் வாசற்படியில் நின்றுகொண்டு ஒன்றையே சொல்வார்.

“பெத்தவ இழுத்துக்கினு இருக்கறாம்மா. நீ இன்னா ஊட்டினாலும் ஒடம்புல ஒட்டாது.”

சுமங்கலியாகப் போனதால் நீ இந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி ஆகிவிட்டாய். ஆடி வெள்ளியில் உனக்குப் புடவையும் பூவும் வைத்துப் படையல் போட வேண்டும், இலையில் கட்டாயம் தேங்காய்ப்பால் சோறு இருக்க வேண்டும். நான் வந்த முதல் ஆடி அது. சீரகம், மிளகு, இஞ்சி, தேங்காய்ப்பால், இதற்குமேல் ஒன்றும் சேரக்கூடாது, ஆக்குகிறவள் ருசி பார்க்கக்கூடாது என்று நாத்தனார் இரண்டு முறை சொல்லிவிட்டு அம்மன் கோயிலுக்குக் கூழ் எடுத்துப் போனார். வீட்டுக்காரர் பட்டு அலசக் குளத்துக்குப் போயிருந்தார். உச்சி வேளை. வீட்டில் நானும் பிள்ளையும்தான். நீயும் இருந்தாய் என்பது எனக்குத் தெரியாது.

அடுப்பில் நெய் காய்ந்துகொண்டிருந்தது. சமையற்கட்டு நிலைப்படி ஓரம் கோமளா படுத்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

“சித்தி, அத்த நீ போடல.”

எதை என்று கேட்டேன். கருப்பாக இருக்குமே அது, சாயக் கொட்டகையில் மேல் பலகையில் டப்பாவில் இருக்கிறது என்றாள். உனக்கு யார் சொன்னது என்றேன். கண்ணைத் திறந்து பக்கத்தில் இருந்த வெறுந்தரையைப் பார்த்தாள்.

“மாம்பழக் கலர் பொடவை கட்டிக்கினு குந்திக்கினு இருக்கறாங்களே, அவங்கதான்.”

கூடத்துப் போட்டோ கறுப்பு வெள்ளை. அதில் உன் புடவைக்கு ஏது நிறம்? அந்த மாம்பழக் கலர் புடவையின் நூலுக்கு அவரே தன் கையால் சாயம் போட்டார் என்பதையும், அதைக் கட்டித்தான் உன்னை அனுப்பினார்கள் என்பதையும் ரொம்ப நாள் கழித்துத்தான் அவர் வாயிலிருந்து வாங்கினேன். அன்றைக்குப் பசி மயக்கத்தில் பிள்ளை உளறுகிறது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் கால் கொட்டகைக்குப் போனது.

ஐயம்பேட்டையில் என் பிறந்த வீட்டில் தறி உண்டு, சாயம் கிடையாது. சாயம் போட்ட நூல்தான் எங்களுக்கு வரும். அதனால் உன் வீட்டுக் கொட்டகை என்றாலே எனக்குப் பயம். மாமனார் காலத்துப் பட்டை, வேர், கடுக்காய் எல்லாம் டப்பா டப்பாவாக மேல் பலகையில் இருக்கும். பொட்டலச் சாயம் வந்த பிறகு அவற்றை யாரும் தொட்டதில்லை, தூக்கிப் போடவும் இல்லை. பிள்ளை சொன்ன இடத்தில் ஒரு டப்பா இருந்தது. உள்ளே சுவரிலிருந்து சுரண்டி எடுத்ததுபோலக் காய்ந்த சுருள்கள், ஒரு பக்கம் கருப்பு, மறுபக்கம் சாம்பல். முகர்ந்தால் வாசனை ஒன்றும் பெரிதாக இல்லை. பழைய சாயச் சரக்கு என்று யாரும் சொல்வார்கள்.

போன மாசம்தான் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி சாயத்தண்ணீரைக் குடித்துவிட்டு, நுரை தள்ளி, எங்கள் கொல்லையிலேயே விழுந்து செத்திருந்தது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் அந்த இடத்தைப் பார்த்தேன். எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். நீ மகளைக் கூப்பிட்டுப் பார்த்தாய், அவள் வரத் தாமதமாகிறது. அதனால் என் கையாலேயே விஷத்தைப் போடச் சொல்கிறாய். மகள் உன்னிடம் வந்துவிடுவாள், பழி என் தலையில் விழும். சக்களத்தியை ஒழித்துக்கட்ட இதைவிட நல்ல வழி உண்டா? அக்கா, அப்படித்தான் நினைத்தேன். மூடி மறைக்கவில்லை.

திரும்பி வந்து பிள்ளையிடம், அதெல்லாம் போடக்கூடாது என்றேன். அவளுக்கு அழவும் தெம்பில்லை. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அது போட்டா சாப்புடுவேன்.”

நான் அந்த வீட்டுக்கு வந்த நாலு மாசத்தில் சாப்பிடுவேன் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டது அப்போதுதான். போடாவிட்டால் பிள்ளை இந்த ஆடி தாண்டாது. போட்டால் இந்தப் பொழுது தாண்டுமோ தாண்டாதோ. நான் என்ன செய்திருக்க வேண்டும், நீயே சொல். ஒரு சுருளைக் கிள்ளி நெய்யில் போட்டேன்.

அதுவரை செத்துக்கிடந்த சரக்கு நெய் பட்டதும் எழுந்துகொண்டது. மழை விட்ட பிறகு கருங்கல் மதிலிலிருந்து வருமே, அந்த வாசனை, அடியில் கொஞ்சம் விறகுப் புகை. அப்படி ஒன்றை என் அடுப்பில் நான் முகர்ந்ததே இல்லை. திரும்பிப் பார்த்தேன். எழுந்து உட்காரவே ஆள் பிடிக்க வேண்டிய பிள்ளை தானாகவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொருவர் உட்காருமளவு இடம் விட்டு, நிலைப்படியோடு ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள்.

சோறு வெந்தது. படையல் சோற்றை எச்சில் பண்ணக்கூடாது என்பது எனக்கும் தெரியும். பண்ணினேன். ஒரு பெரிய கைப்பிடி எடுத்து, சூடு பொறுக்காமல் விழுங்கினேன். நாலு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். அதுவரை எனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் பிள்ளைக்குக் கொடுப்பது, ஆகிவிட்டால் பானையைக் கவிழ்த்துவிடுவது என்று நினைத்து, பானைக்குப் பக்கத்திலேயே கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்தேன்.

பெரிய தியாகி என்று நினைத்துவிடாதே. உட்கார்ந்த மறு நிமிஷமே அழுகை வந்தது. வாழ வந்து நாலு மாசம்கூட முழுதாக ஆகவில்லை, யார் பெற்ற பிள்ளைக்காகவோ இந்தத் தரையில் நுரை தள்ளிக் கிடக்கப் போகிறேனே என்று உன்னையும் அவரையும் என்னைக் கட்டிக்கொடுத்தவர்களையும் வாய்க்கு வந்தபடி மனசுக்குள் திட்டினேன். நாக்கு மரப்பதுபோல இருந்தது. கோமளா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்து, கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்.

“சித்தி, நீ பயந்துக்கினு இருக்கியாம். அவங்க சிரிக்கறாங்க.”

என் உடம்பில் மயிர் ஒவ்வொன்றும் நின்றது. சிரித்தாயா அக்கா? என்னைப் பார்த்தா?

குழாய் இரும ஆரம்பித்தது, தெருவில் குடங்கள் நகர்ந்தன. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பசிதான் எடுத்தது. ஒரு இலை போட்டேன். இன்னொன்றும் போடச் சொன்னாள் கோமளா. போட்டேன். தன் இலையில் இருந்ததை, என் கையை எதிர்பார்க்காமல், தானே பிசைந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். மற்ற இலையை நான் பார்க்கவில்லை. எடுத்துப் போடும்போது மட்டும் குனிந்து பார்த்தேன். சோறு வைத்தது வைத்தபடி இருந்தது, ஆனால் அடுப்பிலிருந்து இறக்கின சோற்றில் இருந்த அந்த வாசனை அதில் துளிகூட இல்லை. உப்பில்லாத வெறும் சோறுபோல இருந்தது.

நாத்தனார் உள்ளே வரும்போதே மூக்கைச் சுளித்தார். பாய் வீட்டு விசேஷம் மாதிரி மணக்கிறதே, படையல் அடுப்பில் என்ன கண்றாவியைப் போட்டாய் என்று ஆரம்பித்தவர், பிள்ளையின் காலி இலையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டப்பாவில் இருந்தது என்னவென்று தெரிய இன்னும் ஒரு மாசம் ஆனது. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மசாலாச் சாமான் கூடையோடு வரும் அம்மாவிடம் ஒரு சுருளைக் காட்டினேன். பார்த்ததும் சிரித்தார்.

“இது கல்பாசிம்மா. இந்த வூட்டு மூத்தவங்க எங்கிட்டதான் வாங்குவாங்க. இந்தப் பொண்ணு வயித்துல இருக்கசொல்ல வேற எதுவும் எறங்கல அவங்களுக்கு. நாத்தனார் பாத்தா கறிக்குப் போடறதை சைவ அடுப்புல போடறியான்னு கத்துவாங்கன்னு சாயச் சாமானோட ஒளிச்சு வெச்சிருந்தாங்க.”

இத்தனை பேர் இருக்கிற வீட்டில், உன் வாய்க்குப் பிடித்ததைச் சாயம் என்று நினைத்து வருஷக்கணக்காகப் பலகையில் வைத்திருந்தோம். நான் அதை விஷம் என்றே நினைத்தேன். பசித்த பிள்ளைக்குச் சோறு போடச் சொன்ன தாயைக் கொலைகாரி என்று நினைத்தேன். மன்னித்துவிடு அக்கா. வயிற்றில் இருக்கும்போதே தாய் தின்ற ருசி பிள்ளைக்கு ஏறிவிடும் என்று சொல்லி வீட்டுக்காரர் மனசைத் தேற்றிக்கொண்டார். சரி, ருசி ஏறும். டப்பா எந்தப் பலகையில் என்பதுமா ஏறும்?

அதற்குப்பின் வெள்ளிதோறும் அந்தச் சோறுதான், இரண்டு இலைதான். தை பிறப்பதற்குள் கோமளா தெருவில் ஓட ஆரம்பித்துவிட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு இலை போதும் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, அவங்க போயிட்டாங்க என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள். நான் சமையற்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பயம் விட்டதென்று சந்தோஷப்பட வேண்டியவள், துணைக்கு இருந்த ஒரே ஆள் சொல்லாமல் போய்விட்டதுபோல அழுதேன். அவளுக்கு இப்போது அதில் ஒன்றும் ஞாபகமில்லை. நானும் சொன்னதில்லை.

இன்று மத்தியானம் உன் மகள் ஒருக்களித்துப் படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். விசிறிக்கொண்டிருந்தேன். தூக்கத்திலேயே “தோ வரேன்” என்றாள். யாருக்குப் பதில் சொன்னாள்? நான் அவள் தோளை உலுக்கி எழுப்பிவிட்டேன். கனவா என்று கேட்டேன், தெரியவில்லை என்றாள். அப்போதுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

உன்னை நம்புகிறேன் அக்கா. ஒருமுறை தப்பாக நினைத்துச் சூடு பட்டவள், மறுபடி நினைக்க மாட்டேன். ஆனாலும் நீ போன வழியில் அவள் போகிறாள், தனியாக இருக்கிறவளுக்கு மகள்மேல் ஆசை வராதா? ஆஸ்பத்திரிக்கு வா. அவள் தலைமாட்டில் நில், பேரப்பிள்ளையைப் பார். அவளை மட்டும் கூப்பிடாதே. உனக்கு ஆள் வேண்டுமென்றால், ஒரே ஒரு துணை வேண்டுமென்றால், கீழே எழுதியிருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிடு. செத்தவர்கள் குரலுக்கு மூன்று தரம் கேட்ட பிறகுதான் பதில் சொல்ல வேண்டும் என்பார்கள். அவ்வளவு சிரமம் உனக்கு வேண்டாம். ஒரு குரலுக்கே எழுந்து வருவேன், இது சத்தியம்.

உன் தங்கை,
கோமளாவின் சித்தி,
அம்சவேணி